மாட்டு வயிற்றில் ஒரு வரலாற்றுப் பாடம்

பதிவு நீளமானது. ஆடு, மாடு, நாய், பூனை, கோழி என்று ஏதாவது ஒன்று வளர்க்கிறவர்கள் கடைசி வரை பொறுமையாக வாசிக்க வேண்டும். வளர்க்காதவர்களும் வாசிக்கலாம். உங்கள் வீட்டுக் குப்பையும் இந்தக் கதையில் வருகிறது.

2019 அக்டோபரில் சென்னையை அடுத்த திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பால் குறைந்துவிட்டது. வலி தாங்காமல் காலால் வயிற்றை உதைத்துக்கொண்டே இருந்தது. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, வயிற்றைத் திறந்தார்கள். ஐந்தரை மணி நேரம் அறுவைச் சிகிச்சை நடந்தது. உள்ளே இருந்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. இப்போது கடையில் 26 கிலோ அரிசிச் சிப்பம் விற்கிறார்களே, அதில் இரண்டு. அத்தனையையும் ஒரு மாடு இரண்டு ஆண்டாகவோ மூன்று ஆண்டாகவோ வயிற்றில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது. அப்படியே பாலும் கொடுத்திருக்கிறது.

இந்தச் செய்தியை அப்போது எல்லாத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். நாமும் 'ஐயோ பாவம்' என்றோம். இரண்டு நாளில் மறந்தோம். ஆனால் வகுப்பில் வரலாறு நடத்தியவனுக்கு இது வெறும் செய்தியாகத் தெரியவில்லை. அகழாய்வுப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம்: மண்ணை அடுக்கடுக்காக எடுத்தால் அந்தந்தக் காலத்து மனிதர்கள் எதைப் புழங்கினார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று தெரியும். மாட்டின் வயிறும் அப்படி ஒரு குழிதான். நாம் என்ன எறிந்தோம் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

முதலில் மாடு எப்படித் தின்கிறது என்று பார்ப்போம்.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். முள்ளுக்கு நடுவிலிருக்கும் இலையைக்கூடத் தனியாகக் கிள்ளி எடுக்கும். மாட்டுக்கு அந்த உதடு இல்லை. மேல் தாடையில் முன்பல்லும் கிடையாது. நாக்கை நீட்டி, புல்லைச் சுருட்டி, இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகு சாவகாசமாகப் படுத்து அசைபோடும். வெட்டவெளியில் மேயும் விலங்குக்கு அதுதான் பாதுகாப்பு. புலி வருவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் வாய்க்குள் போவதில் எது புல், எது ஆணி என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் மாட்டுக்கு இல்லை.

அதன் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முதல் அறை ஒரு பெரிய தொட்டி. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதை ஒட்டிய இரண்டாவது அறையின் உட்சுவர் தேன்கூடு போல இருக்கும். அங்கிருந்து மூன்றாவது அறைக்குப் போகும் வழி குறுகலானது. நன்றாக அரைபட்டுக் கூழானது மட்டுமே அதில் போகும். பிளாஸ்டிக் பை கூழாகாது, மட்கவும் செய்யாது. எனவே முதல் அறையிலேயே தங்கிவிடும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று சேர்ந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பெரிய உருண்டையாகிவிடும். மாடு பார்க்க வயிறு நிறைந்ததுபோல இருக்கும். உள்ளே பட்டினி.

இந்த வயிற்றுக்குள் காலவரிசையாக என்னென்ன போயிற்று என்று பார்க்கலாம்.

நம் தாத்தா காலத்து மாடும் விஷம் தின்றது. அது செடியிலிருந்து வந்த விஷம். இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு. மழை பொய்த்து வாடி நிற்கும் பயிரில் அது இன்னும் கூடும். பூக்குமுன் மாட்டை உள்ளே விட்டால் அரை மணி நேரத்தில் விழுந்துவிடும். மரவள்ளித் தழையும் அப்படித்தான். அரளியை வேலியில் வைக்கலாம், தொழுவத்தின் ஓரம் வைக்கக்கூடாது. இதெல்லாம் எழுத்தறியாத பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது. மாடு மேய்க்கிற பையனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை; கூடவே நடந்து கற்றுக்கொண்டான். எதிரி எது, எந்தப் பருவத்தில் வரும் என்ற கணக்கு ஊரில் இருந்தது.

அடுத்து வந்தது இரும்பு. கம்பி, ஆணி, ஊசி. தகர டப்பாவும் வேலிக் கம்பியும் கட்டுமான வேலையும் பெருகப் பெருக இவையும் வைக்கோலோடு உள்ளே போயின. கனமான பொருள் என்பதால் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால் உதரவிதானம். அதற்கு அடுத்து இதயம். இடைவெளி சில விரற்கடைதான். வயிறு அசையும் ஒவ்வொரு முறையும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, ஒருநாள் இதய உறையைக் குத்திவிடும். மாடு முன்னங்கால் முட்டியை அகட்டி வைத்துக்கொண்டு நிற்கும், படுக்க யோசிக்கும், மேட்டிலிருந்து இறங்க முனகும். கன்று ஈனும் சமயத்து அழுத்தத்தில் கம்பி குத்திச் செத்துப்போன மாடுகள் எத்தனையோ. 'கண்ணுபட்டது' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் கண்டுபிடித்தார்கள். விரல் நீளக் காந்தம் ஒன்றை மாட்டை விழுங்க வைத்துவிடுவார்கள். அது ஆயுள் முழுக்க உள்ளேயே கிடந்து, வருகிற இரும்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது அடுக்கு காகிதமும் பசையும் சாயமும். சுவரொட்டி தின்னும் மாட்டைப் பார்க்காத தமிழன் உண்டா? அதைக் கிண்டல் செய்யாத சினிமாவும் இல்லை. மாட்டுக்கு வேண்டியது காகிதத்தின் பின்னால் இருக்கும் மைதாப் பசை. அந்தப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். புத்தகம் பைண்டிங் செய்கிற பசையிலும் அதே துத்தம்தான். அது தாமிர உப்பு. மாடு ஓரளவு தாங்கும், செம்மறியாடு தாங்காது. ஆட்டின் ஈரலில் தாமிரம் சேர்ந்துகொண்டே இருந்து, ஒருநாள் திடீரென்று இரத்தத்தில் கலந்து கொன்றுவிடும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற எண்ணெய்ச் சாயம் இன்னொன்று. முன்பு காவியும் மஞ்சளும் பூசினோம். பிறகு டப்பா பெயிண்ட் வந்தது. பெயிண்டில் பளபளப்புக்கும் சீக்கிரம் காய்வதற்கும் ஈயம் சேர்த்தார்கள். ஈயத்துக்கு ஒரு மெல்லிய இனிப்புச் சுவை உண்டு. மாடுகள் பழைய பெயிண்ட் டப்பாவையும் உடைந்த பேட்டரியையும் நக்குவதை மெக்கானிக் பட்டறை ஓரங்களில் பார்க்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் வாங்கிய டப்பா இன்னும் எத்தனை வீட்டுப் பரணில் இருக்கிறதோ! அதை எடுத்துக் கொம்புக்கு அடிக்காதீர்கள்.

நான்காவது அடுக்குதான் பிளாஸ்டிக்.

பாலிதீன் பிறந்தது 1933 மார்ச்சில், இங்கிலாந்தின் நார்த்விச் நகரில். ஐ.சி.ஐ. என்ற இரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேறு எதையோ தேடப்போய், குழாயின் அடியில் மெழுகு மாதிரி ஒன்று ஒட்டியிருந்ததைக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராடார் கம்பிகளுக்கு அது உறையானது. கைப்பிடியோடு கூடிய பையாக அது மாறியது 1965-இல். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின் வடிவமைத்தது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், காகிதத்துக்காக மரம் வெட்டவேண்டாம் என்று நல்ல எண்ணத்தோடுதான் அந்தப் பை உலகத்துக்கு வந்தது.

நம் கடலூர் மாவட்டத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சின்னச் சின்ன உறையில், சாஷேயில், ஷாம்பு விற்கும் முறை நாடு முழுக்கப் பரவியதற்குக் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் குடும்பம் முக்கியமான காரணம். வெல்வெட் ஷாம்பு அவர்களுடையது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது. பணக்காரர் புழங்குவதை ஏழையும் வாங்கிப் புழங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெரிய பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரப் பெண் ஒரு ரூபாய்க்குத் தலைமுழுகினாள். அது சிறிய விஷயமில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்காரர் சாதனை என்றே சொல்கிறேன். ஆனால் அந்த உறை காலியான பிறகு எங்கே போகும் என்ற கேள்வியை, அப்போது விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை, அரசும் கேட்கவில்லை. எண்ணெய், ஊறுகாய், பாக்கு, பால் என்று எல்லாமே உறைக்குள் வந்துவிட்டன. பாலைச் சொல்லுங்கள். மாடு கறந்த பால் பிளாஸ்டிக் உறையில் நம் வீட்டுக்கு வருகிறது. உறை திரும்பவும் மாட்டின் வயிற்றுக்கே போகிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். 'ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை, எல்லாவற்றையும் தெருவில் எறிகிறார்கள்' என்று நாம் சுலபமாகத் திட்டிவிடுகிறோம். ஐம்பது வருடத்துக்கு முன்னும் தெருவில்தான் எறிந்தார்கள். என்ன எறிந்தார்கள்? மளிகைக் கடைப் பொட்டலம் காகிதம், கட்டிய நூல் சணல். இட்லி கட்டிக் கொடுத்தது வாழை இலை. பூவும் இறைச்சியும் தாமரை இலை, தேக்கு இலை, மந்தாரை இலை. பூக்கட்டியது வாழைநார். கருப்பட்டி வந்தது ஓலைக் கொட்டான். இவை எல்லாமே மாடு தின்னக்கூடியவை. எறிவது என்றால் அந்தக் காலத்தில் மாட்டுக்குப் போடுவது என்றே அர்த்தம். அது குற்றமல்ல, ஒரு ஏற்பாடு.

வீட்டு வாசலிலோ கொல்லையிலோ கழனித் தண்ணித் தொட்டி இருக்கும். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் அதில். மாடில்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார்கள். பதிலுக்கு மோர் கிடைக்கும். வாசலில் போட்ட அரிசிமாக் கோலத்தை எறும்பு தின்றது. இன்று கோலமாவு என்று விற்பதில் பெரும்பாலும் கல்மாவு. கை எறிந்துகொண்டே இருக்கிறது; அது எறியும் பொருள் வேறாகிவிட்டது என்பதை யாரும் அந்தக் கைக்குச் சொல்லவில்லை. மாட்டின் நாக்கும் பழைய நாக்குதான்.

போதாக்குறைக்கு, மீந்த சோற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நாய் கிளறக்கூடாது என்று இறுக்கி முடிச்சுப் போட்டு வைக்கிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. உப்பு வாசனை வருகிறது, பையோடு விழுங்குகிறது. மேய்ச்சல் புறம்போக்கும் மந்தைவெளியும் வீடாகவும் கடையாகவும் மாறிவிட்டன. எங்கள் பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் எத்தனையோ ஊர் நிலம் போயிருக்கிறது. மேய இடமில்லாத மாடு குறுக்குரோட்டுக்குத்தான் வரும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். ஓட்டலுக்குப் பின்னால், பழக்கடைக்குப் பின்னால் அவை நின்றுகொண்டிருக்கும்.

இப்போது கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய்வரலாம். பாலிதீன் பிறந்த அதே 1933-ஆம் ஆண்டு பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். கொட்டுகிற பனியில் ஒரு விவசாயி இருநூறு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். வண்டியில் செத்த கிடேரி ஒன்று, பால் கேனில் உறையாத இரத்தம், ஒரு கட்டுக் கெட்டுப்போன தீவனப்புல். 'என் மாடுகள் இரத்தம் நிற்காமல் சாகின்றன, ஏன்?' என்பது கேள்வி. அந்தப் புல் ஈரத்தில் பூசணம் பிடித்தால் மாட்டின் இரத்தம் உறையாது என்பதை கனடாவின் கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்ட் 1920-களிலேயே சொல்லியிருந்தார். எந்தப் பொருளால் என்பதுதான் தெரியாமல் இருந்தது. கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு பல ஆண்டு உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் 1948-இல் வார்ஃபரின் என்ற எலிமருந்து வந்தது. 1954-இல் அதே வார்ஃபரின் மனிதருக்கு இரத்தக்கட்டி வராமல் தடுக்கும் மருந்தானது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். இதய வால்வு மாற்றியவர்கள் இன்றும் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டால், அதன் பின்னால் ஒரு விவசாயியின் செத்த மாடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மாட்டின் சாவைக் கவனித்தார், காரணம் கேட்டார், பதில் சொல்ல ஆளும் இருந்தது. உலகத்துக்கே மருந்து கிடைத்தது. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். 1950-களின் தொடக்கத்தில் அங்கே வீட்டுப் பூனைகள் வெறிபிடித்ததுபோல ஆடின, சுவரில் முட்டின, கடலில் விழுந்து செத்தன. மீனவர்கள் அதைப் பூனையாட்டம் என்றார்கள். 1956-இல் பிள்ளைகளுக்கு அதே நோய். பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. சிஸ்ஸோ இரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் போயிருந்தது. ஆலையின் சொந்த மருத்துவமனை மருத்துவரான ஹொசோகவா 1959-இல் ஆலைக் கழிவுநீரை ஒரு பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. ஆலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் பிறந்த பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2007 மார்ச்சில் அமெரிக்காவில் டப்பா உணவு தின்ற பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டுச் சாக ஆரம்பித்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. தட்டு, டம்ளர் செய்கிற பொருள். அதில் நைட்ரஜன் அதிகம். சோதனையில் புரதம் நிறைய இருப்பதுபோலக் காட்டும். அந்த உணவைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு, 2008-இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே பூனையும் நாயும் சொல்லிவிட்டன. கேட்கத்தான் ஆளில்லை.

நம் நாட்டிலும் மாடு சொன்னதைக் கேட்டவர்கள் உண்டு. ஆந்திராவின் புட்டபர்த்தியில் உள்ள கருணா சொசைட்டி என்ற விலங்குகள் நல அமைப்பு, காப்பாற்றிக் கொண்டுவந்த மாடுகளின் வயிற்றிலிருந்து கிலோக் கணக்கில் பிளாஸ்டிக்கை எடுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. பிளாஸ்டிக்கை இப்படியே விட்டால் அடுத்த தலைமுறைக்கு அணுகுண்டைவிடப் பெரிய ஆபத்து என்ற பொருளில் நீதிபதிகள் அப்போது சொன்னது நாடெங்கும் பேசப்பட்டது. மனுநீதிச் சோழன் அரண்மனையில் பசு மணியடித்த கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இந்தக் காலத்துப் பசு மணியடித்தது அந்த வழக்கில்தான்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1999-இல் பையின் தடிமன் குறைந்தது 20 மைக்ரான் என்றார்கள். 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பர் முடிவில் 75, 2022 கடைசியில் 120 என்று ஏறியது. ஒருமுறை மட்டும் புழங்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தமிழ்நாடு அதற்கு முன்பே முந்திக்கொண்டது. 2018-இல் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. அதற்கும் முன்னால் நீலகிரி மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கி நடத்திக் காட்டினார். அவரே சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தபோதுதான் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் வந்தது. ஆனாலும் முதலில் சொன்ன 52 கிலோ பசு, தமிழ்நாட்டில் தடை வந்து பத்தாவது மாதத்தில் அறுவைக்கு வந்த மாடு. தடைக்கு முன்பு தின்றது உள்ளேயே கிடக்கும். வயிற்றுக்கு அரசாணை தெரியாது.

மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாய், பூனை வளர்க்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் சிலது சொல்லவேண்டும்.

பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. நூலை வாயில் எடுத்தால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். தையல் மெஷின் இருக்கிற வீட்டில், ஊசி கோத்த நூலை வெளியே விடாதீர்கள். வாயிலிருந்தோ பின்னாலிருந்தோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக்கூடாது. குடலை அறுத்துவிடும். பிள்ளைகள் கைவேலைக்கு மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசைகிற மாவு பள்ளிக்கூடத்தில் மலிவான பொருள். ஆனால் நாய் அதைத் தின்றால் உப்பே விஷம். சில மரப்பசைகள் ஈரம் பட்டால் நுரைத்துப் பல மடங்கு உப்பும். நாயின் வயிற்றில் கல்லாகிவிடும். பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கிற பொத்தான் பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இது குழந்தைகளுக்கும் பொருந்தும். பொம்மை செய்கிறவர்கள், ஓவியம் வரைகிறவர்கள், ரெசின் வேலை செய்கிறவர்கள் இரவில் மேசையை மூடிவிட்டுப் படுங்கள்.

எலிமருந்தைத் தனியாகச் சொல்கிறேன். தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி வைப்பது நம் வழக்கம். எலி தின்னுமுன் கோழி கொத்தும். செத்த எலியைப் பூனை தின்னும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசே நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது, மனித உயிர்கள் அத்தனை போனதால். மளிகைக் கடையில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். வார்ஃபரின் வகை மருந்தை நாய் தின்றுவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து இரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.

எதை விழுங்கினாலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் ஊற்றுவது, விரலை விட்டு வாந்தியெடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். அது மூச்சுக்குழலில் போய் அதனாலேயே சாகும். தின்ற பொருளின் உறையை, டப்பாவை, மிச்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 1962 என்ற எண் இருக்கிறது. மாடு அசைபோடாமல் இருந்தாலும், வயிற்றின் இடப்பக்கம் எப்போதும் உப்பியே இருந்தாலும், 'சூடு' என்று கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மாட்டை அவிழ்த்துவிடுகிறவரைத்தான் எல்லாரும் திட்டுகிறோம். அபராதமும் அவருக்குத்தான். இரண்டு மாடு வைத்துக்கொண்டு, புண்ணாக்கு விலைக்கும் வைக்கோல் விலைக்கும் பால் விலைக்கும் நடுவில் திண்டாடுகிறவர் அவர். அவர் கட்டிவைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அவருடைய மாட்டைக் கொன்ற பையில் இருந்தது நம் வீட்டுச் சோறு. வழக்கு என்று வந்தால் நாமும் கூண்டில் நிற்க வேண்டியவர்கள்தான்.

தள்ளி நின்று பார்க்கவும் முடியாது. 2022-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 17 பேருடைய இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்தது. அது மனித உடலில் என்ன செய்யும் என்று ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. பூனையாட்டத்தைப் பார்த்த மினமாட்டாக்காரர்களைப் போல நாமும் இப்போது மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர்களுக்குக் காரணம் தெரியாது. நமக்குத் தெரியும்.

எனவே மூன்றே மூன்று வேண்டுகோள். மீந்த உணவைப் பையில் கட்டி முடிச்சுப் போடாதீர்கள். தனி வாளியில் வையுங்கள், தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள், அல்லது மாடுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றுங்கள். பால் உறையின் முனையை வெட்டித் துண்டாக எறியாமல், ஓரத்தில் கீறிவிட்டு முழு உறையாகவே கழுவிப் பழைய பேப்பர்காரருக்குச் சேர்த்து வையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோல் கட்டைப் பிரிக்கும்போது பிளாஸ்டிக் கயிறு இருந்தால் அறுத்து எடுத்துவிட்டுப் போடுங்கள்.

சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, புவனகிரி பக்கத்து நண்பர்கள் யார் வீட்டிலாவது கழனித் தண்ணித் தொட்டி இன்னும் புழக்கத்தில் இருந்தால் தெரியப்படுத்துங்கள். எந்தத் தெருவில் யார் வீட்டில் மாடு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு போக வசதியாக இருக்கும். முதல் பட்டியலை என் தெருவிலிருந்து அடுத்த வாரம் நான் போடுகிறேன்.